கறுப்புக்குக் கீழே கடல்

டிசம்பர். தார்த்து நகரத்தில்
மூன்றரைக்கே வெளிச்சம் கடையைக் கட்டிவிடுகிறது.
என் திரையில் மட்டும் நண்பகல் கடல்:
சயான் அறுபது, மெஜந்தா பதினைந்து.
அதில் நாற்பத்தொரு தீவுகள்,
அவற்றைச் சுற்றி எறும்பு வரிசையாய்
ஆறு புள்ளி எழுத்தில் ஆழத்தின் எண்கள்.
படகுக்காரர்கள் மடித்துப் பையில் வைக்கும் வரைபடம்.
ஆறாயிரம் பிரதி. நாளை காலை ஏழுக்கு எந்திரம்.

வெல்யோ கீழ்த்தளத்திலிருந்து வந்து
போன வருடத் தாள் ஒன்றை மேசையில் போட்டான்.
"லென்ஸ் வைத்துப் பார், லீவிகா."
பார்த்தேன்.
ஒவ்வொரு எண்ணின் ஒரு பக்கமும்
நரைமுடி போல ஒரு வெள்ளைக் கீற்று.
கறுப்பு உட்கார வேண்டுமென்று
நீலத்தில் யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள்.
தாள் ஈரம் குடித்துக் கால் மில்லி நீண்டுவிட்டது;
ஏழு தன் குழிக்குள் இறங்கவில்லை,
ஒரு தோள் வெளியே.

சரி, குழி வேண்டாம்.
எண்கள் எல்லாவற்றையும் பிடித்து
ஒரு கட்டத்தில் ஒரு டிக்: மேலச்சு.
இனி நீலம் அறுபடாமல் ஓடும்.
தாள் எப்படி நெளிந்தாலும் ஏழு ஏழாகவே இருக்கும்.

மேலச்சு என்பது பெயருக்குத்தான்.
வெல்யோவின் எந்திரத்தில் கறுப்பு முதல் யூனிட்.
நீலம் பிறகு வந்து அதன்மேல் படுக்கிறது.
மேலே நிற்பதாய் நாம் சொல்வது
அடியில் கிடக்கிறது.
இதைச் சொல்லிச் சிரித்தேன் ஒருநாள்.
அவன் ரோலர் துடைத்துக்கொண்டிருந்தான்,
"அதற்கென்ன?" என்றான்.

அட்டை வேறு கதை.
தாவேத் முழுக் கறுப்பு கேட்டிருந்தான்,
நான்கு மையையும் நூறு நூறாய் வைத்து.
மொத்தம் நானூறு.
கறுப்பு கேட்டவன் கிணறு அனுப்பியிருக்கிறான்.
அந்த ஈரம் விடியும்வரை காயாது,
அடுத்த தாளின் முதுகில் தன் முகத்தை ஒட்டிவிடும்.
அதற்காகக் கறுப்பை மட்டும் விட்டாலோ
பல மழை கண்ட குடைத்துணி.
சயான் ஐம்பது, மற்ற இரண்டும் நாற்பது,
கறுப்பு நூறு. போதும்.
அட்டையில் உள்ள வெள்ளைத் தலைப்பின் ஓரத்தில்
மற்ற மூன்றையும் ஒரு மயிரளவு பின்னுக்குத் தள்ளினேன்,
கறுப்பு மட்டும் விளிம்பைக் காக்கட்டும்.

ஒன்பது மணிக்கு மேலச்சு முன்னோட்டத்தைப் போட்டேன்,
வீட்டுக்குப் போகுமுன் கடைசியாக.
தீவுகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.
பெயர்களை எண்ணினேன்.
நாற்பது.

மறுபடி எண்ணினேன்.
தீருலாயித் இல்லை.
முன்னோட்டத்தை அணைத்தால் இருக்கிறது.
போட்டால் கடல்.

தாவேத் அந்தப் பெயரைக் கறுப்பில் எழுதியிருக்கிறான்,
ஆழநீலத்தில் தெரியவில்லையென்று
பிறகு வெள்ளையாக்கியிருக்கிறான்.
நிறம் மாறியது, டிக் மாறவில்லை.
வெள்ளைக்கென்று எந்திரத்தில் மை கிடையாது.
மையில்லாததைக் கடலின்மேல் அச்சிட்டால்
மிஞ்சுவது கடல்.

போனில் அவன் சொன்னான்:
"என் ஸ்கிரீனில் இருக்கிறதே."
"ஸ்கிரீனில் இருக்கும்."
கொஞ்சம் யோசித்து,
"அங்கே குடியிருப்பதே எட்டுப் பேர்தான்" என்றான்.
"அந்த எட்டுப் பேரும் இதை வாங்குவார்கள் தாவேத்."

டிக்கை எடுத்தேன்.
கறுப்பு வழி கேட்பதில்லை,
எதன்மேலும், எதன் அடியிலும் பிழைத்துக்கொள்ளும்.
வெள்ளைக்குத்தான் நீலம் எழுந்து
இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

காலை ஏழே கால். முதல் நல்ல தாள்.
லென்ஸின் கீழே அந்த ஏழு,
இரு தோளும் நீலத்துக்குள்.
பக்கத்தில் தீருலாயித்,
அவர்கள் எழுத்தில் ஒன்பது,
ஒரு பொட்டு மையில்லாமல், வெறும் தாள்.
வெல்யோ அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
"இதற்கு பில்லில் என்ன போடுவது?" என்றான்,
அடுத்த கட்டை ஏற்றப் போனான்.