சுக்கு உட்கார்ந்துவிட்டது

காகிதப்பட்டறைச் சரிவில்,
பூட்டிக்கிடக்கும் ஜெராக்ஸ் கடைக்கும்
வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய லாட்ஜுக்கும் நடுவே
சுக்கு உட்கார்ந்துவிட்டது.

பதினெட்டு கிலோ. போன வாரம்தான் எடை பார்த்தோம்.
உட்கார்ந்தால் மட்டும் எப்படியோ அறுபது.

கயிற்றை இழுத்தேன்.
பட்டை காதுவரை ஏறி, முகத்தோல் முன்னே குவிய,
வாடகை கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.
விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும்
காலையிலிருந்து ஏழு பேரை நடக்கவைத்துவிட்டு வருகிறேன்.
அதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம்.
இடுப்பில் பெல்ட் கட்டி, முழங்காலை முழங்காலால் முட்டுக்கொடுத்து
தன்பாத்திலிருந்து வந்த ரயில்வே கார்டை
ஜன்னல்வரை கொண்டுபோனேன் இன்று.
தமிழில் தொடங்குவேன், இந்தியில் கெஞ்சுவேன்,
வங்காளத்தில் முடிப்பேன்: ஆஸ்தே, ஆஸ்தே.

சுக்குவிடமும் சொல்லிப்பார்த்தேன். ஆஸ்தே.
ஒரு காது திரும்பியது.
மற்றது திரும்பவில்லை.

இஸ்திரி வண்டி முனிரத்தினம்
"பின்னாடி ஒண்ணு தட்டுங்கம்மா" என்றார்.
பேக்கரிப் பையன் ரஸ்க் கொண்டுவந்தான்;
உட்கார்ந்தபடியே தின்றது, இன்னொன்றுக்கு அண்ணாந்தது.
ஸ்கூட்டரில் போனவர் வேகம் குறைத்து
"தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு
வேகம் கூட்டிக்கொண்டார்.
டாக்டர் நகம் பார்த்தார், இடுப்பு பார்த்தார், பல்கூடப் பார்த்தார்.
ஒன்றுமில்லை, பிடிவாதம்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

சித்திரை.
பகலெல்லாம் வாங்கிவைத்த வெயிலை
இந்த ஊர் மலைகள்
ஏழு மணிக்குமேல்தான் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும்.
செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தாரில் வைத்தேன்.
ஐயோ என்று எடுத்தேன்.
அடியே, இதை முன்னமே சொல்லக்கூடாதா என்றேன்,
அரை மணி நேரமாக
சொல்லிக்கொண்டிருந்த நாயிடம்.

மறுநாள் விடிகாலை ஐந்துக்கே கிளம்பினோம்.
பால் பூத்தில் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
தார் குளிர்ந்து, தொட்டால் சில்லென்று, நன்றாகவே இருந்தது.
ஜெராக்ஸ் கடை வந்தது.
சுக்கு உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் வெயிலும் இல்லை.

பேர்ணாம்பட்டு குலாம் தஸ்தகீர்.
முப்பது வருஷம் தோல் ஷாப்பில் நின்றே வேலை பார்த்தவர்,
இடது பக்கம் விழுந்து பதினோரு நாள்.
பதினாலாம் படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுவிட்டார்.
இன்னும் ரெண்டே அடி பாய், வாங்க.
"நிக்கிறேம்மா. இப்ப நிக்கிறதே வேலையாத்தான் இருக்கு."
நான் கடிகாரம் பார்த்தேன்.
அவரை உட்காரவைத்துவிட்டு
கேஸ் ஷீட்டில் எழுதினேன்: ஒத்துழைப்பு இல்லை.
அந்த வார்த்தையை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்,
கையெழுத்துகூடக் கோணாமல்.

அன்று சாயங்காலம் நானும் உட்கார்ந்தேன்,
லாட்ஜின் கடைசிப் படியில், சுக்குவை ஒட்டி.
உள்ளே யாரோ கடுகெண்ணெயில் மீனைப் போட்டார்கள்.
அதற்காகத்தானோ என்று பார்த்தேன்.
மூக்கு அசையவில்லை.

அந்த உயரத்திலிருந்து
இந்த ஊர் வேறு மாதிரிதான் தெரிகிறது.
முகமே இல்லை. கணுக்கால்கள்.
முழங்காலில் தட்டித் தட்டிப் போகும் எக்ஸ்ரே கவர்கள்,
கட்டுப்போட்ட ஒரு கட்டைவிரல்,
அதற்குப் பழகி மெதுவாக நடக்கும் இன்னொருத்தியின் கால்,
அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும் ஆட்டோச் சக்கரம்.
சுக்கு எதைப் பார்த்ததென்று தெரியவில்லை.
எதையும் பார்க்காமலும் இருந்திருக்கலாம்.
விலா ஏறி இறங்கியது. என் கை அதன்மேல் இருந்தது.

எவ்வளவு நேரம், தெரியாது.
விளக்குக் கம்பத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

பிறகு அதுவாகவே எழுந்தது.
உதறிக்கொண்டது. நாலடி போனது.
நானும் எழப் பார்த்தேன்.
இடது கால் மரத்துப்போயிருந்தது,
யாருடைய காலோ என்பதுபோல், ஊன்றினால் ஊன்றவில்லை.

இரு, என்றேன். கொஞ்சம் இருடி.

கயிற்றின் அந்த முனையில்
சுக்கு திரும்பி நின்றது.
கயிறு தரையில்
தொய்ந்தே கிடந்தது.