கொதிக்க வைக்கத் தேவையில்லை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்,
இன்று காலை முதல்
குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை.

அடித்து முடித்து மூன்று முறை படித்தேன்.
ஒன்பது வருடம் பத்து மாதமாக
'வேண்டும்' என்றே அடித்துப் பழகிய விரல்
'இல்லை'யில் தடுக்கி நின்றது.

ராண்டல்ஸ் டிக்கிள், நியூஃபவுண்ட்லாந்து.
மக்கள்தொகை முந்நூற்றுப் பதினொன்று,
கீப்பிங் வீட்டு இரட்டைகளையும் சேர்த்து.
கவுன்சில் அலுவலகம் பழைய மீன் கிட்டங்கியின் மாடியில்.
எழுத்தர், கணக்கர், நாய் உரிமம், கல்லறைப் பதிவேடு
எல்லாம் ஒருத்தியே:
வெர்னா ஹான், வாரத்தில் நாலு நாள்.

நேற்றைய கூட்டத்தின் ஏனைய செய்திகள்.
பனி அள்ளும் வண்டியின் அலகு
உடைந்தது உடைந்தபடியே இருக்கிறது.
துறைமுக முனை விளக்கு எரிகிறது, பகலில்.
காலியான உறுப்பினர் இடத்துக்கு
மூன்றாம் முறையும் மனு வரவில்லை.
ஹெட்லி ஸ்னூக் இருமலோடு எழுந்து வெளியே போன நேரம் பார்த்து
அவர் பெயரை முன்மொழிந்தார்கள். எதிர்ப்பு இல்லை.
செல்லாது என்று குறித்துக்கொண்டேன்,
பென்சிலில்.

ஏழாவது பொருளுக்கு வந்தபோது
மேயர் எல்ட்ரெட் ரைடவுட்
கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு
ஆய்வகக் கடிதத்தை வாசித்தார்.
புதிய வடிகட்டி வேலை செய்கிறதாம்.
இரண்டு மாதிரி எடுத்தார்களாம், இரண்டும் சுத்தமாம்.
யாரும் கை தட்டவில்லை.
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
"எந்த ஊர்த் தண்ணீரை எடுத்துப்போனார்களோ!"
பின்வரிசைக் குரல்.
கூட்டக் குறிப்பில் அதை நான் எழுதவில்லை,
இங்கே எழுதுகிறேன்.

காலையில் பசை வாளியோடு கிளம்பினேன்.
அஞ்சலகம், தேவாலய வாசல், டெல்ஃபின் பார்டியின் கடை.
பழைய அறிவிப்பை உரித்தால்
சுவரின் சாயமும் சேர்ந்து வந்தது.
டெல்ஃபின் கல்லாவில் கையூன்றி வாசித்துவிட்டு
"பின்னறையில் அறுபது கேன் கிடக்கிறது,
அதற்கும் உன் கவுன்சில் ஒரு தீர்மானம் போடுமா?" என்றாள்.
நான் ஒரு ரொட்டியும்,
வெட்கத்தில் ஒரு கேனும் வாங்கினேன்.

பத்து மணிக்குத் தொலைபேசி தொடங்கியது.
"வெர்னா, ஒரு 'இல்லை' கூடுதலாக விழுந்திருக்கிறது."
"வெர்னா, குழந்தைக்கும் இல்லையா? பூனைக்கும்?"
"கையெழுத்து எல்ட்ரெட்டோடதா? அவர் குடித்தாரா?
நீ பார்த்தாயா?"
கடைசியாக அழைத்தது அவர் மனைவி.
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"நிஜமாகவே நல்ல தண்ணீரா?"

மாலையில் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது
பாறை ஊற்றின் அருகே வழக்கம்போல் வண்டிகள்.
வழக்கம்போல் குடங்கள்.
கவுன்சிலின் அசல் கூட்டம் அங்கேதான் நடக்கிறது.
வருகைப் பதிவு இல்லை, தலைவர் இல்லை;
யார் வீட்டை விற்கிறார்கள், யார் படகு மூழ்கியது,
நான் குறிப்பில் எதை விட்டுவிட்டேன்,
எல்லாம் ஐந்து லிட்டர் நிரம்புவதற்குள் முடிவாகிவிடும்.
ஹெட்லி ஸ்னூக் கையாட்டினார்:
"உறுப்பினர் ஆகிவிட்டேனாமே?"
வண்டியை நிறுத்தாமல் நானும் கையாட்டினேன்.

வீட்டில் குழாயைத் திறந்து
ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தேன்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்,
ஏதோ நானே ஆய்வகம் போல.
குடித்தேன்.
கொஞ்சம் இரும்பு ருசி.
பத்து வருடப் பயத்தின் ருசியாகவும் இருக்கலாம்,
முன்பு குடித்தது நினைவில்லை.
பிறகு தேநீருக்குக் கெட்டிலை வைத்தேன்.
தேநீருக்குக் கொதித்துத்தானே ஆகவேண்டும்.
என்றாலும், வழக்கமான ஒரு நிமிடம் முழுதும்
கொதிக்கவிட்டுத்தான் அணைத்தேன்.

மறுநாள் இன்னொரு தாள் ஒட்டினேன்:
பழுதுபார்ப்பு வேலை காரணமாக
வியாழன் முழுவதும் தண்ணீர் வராது.

ஒரு அழைப்புகூட வரவில்லை.
அதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.