அங்கேயே பூ

பூஞ்சையே, உன்னிடம் நின்று பேசி எத்தனை நாளாயிற்று.
நான் ஒல்விதோ. தெல்மோவின் மனைவி.
அஸ்தூரியாஸ் மலையில், சுண்ணாம்புக் குகைக்குள்
பாலாடைக்கட்டிகளை வியாழன்தோறும் புரட்டிப் போடுகிறவள்.

இருபத்தியிரண்டு வருடம் எங்களுக்குப் படியளந்தது நீதான்.
கதவைத் திறந்ததும் மூக்கிலேறும் உன் வாசனையை வைத்தே
அவன் சொல்லிவிடுவான்:
மூன்றாம் தட்டுக்கு இன்னும் பத்து நாள்,
சுவரோரம் இருப்பதை நாளைக்கே வெட்டலாம்.
நீ நீலமாய்ப் பூக்கப் பூக்க
வீட்டுக்கடன் அடைந்தது.

பிறகு அவன் ரத்தம் கெட்டது.

ஒவியேதோவில், ஒன்பதாம் மாடியில்
பழைய மஜ்ஜையை மருந்து ஊற்றி எரித்தார்கள்.
தங்கை பெனித்தாவின் அணுக்கள்
ஒரு சின்னப் பையிலிருந்து நாற்பது நிமிடம் இறங்கின.
அவ்வளவுதானா, என்றான்.
அவ்வளவுதான், என்றாள் செவிலி சைதா.
இனிமேல்தான் இருக்கிறது.

வெள்ளணுக்கள் எத்தனை என்று பலகையில் எழுதுவாள்.
பூஜ்யம்.
மறுநாளும் பூஜ்யம்.
தாழ்ப்பாள் இல்லாத வீடு, குரைக்க ஒரு நாய்கூட இல்லை.
நுழையப் பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்களும் அல்ல:
அவன் வாயில், குடலில், தோலில்
இத்தனை காலம் ஒழுங்காக வாடகை கொடுத்து
இருந்தவர்கள்.

அப்புறம் நீ.
நீ இல்லையென்றால் உன் பங்காளி, அந்தப் புகைநிறத்தான்,
கட்டட வேலைத் தூசியிலும் பூந்தொட்டி மண்ணிலும் ஏறி வந்து
நுரையீரலில் பாய் விரிப்பவன்.
வீட்டில் என்ன தொழில் என்று மருத்துவர் கேட்டார்.
சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று முதல் நான் இரண்டு பெண்கள்.
குகைக்குப் போகிறவள் செருப்பை அங்கேயே விடுகிறாள்,
உடுப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில் போடுகிறாள்,
மூன்று முறை அலசியும் மனசு ஆறாமல்
ஒருநாள் கூந்தலையே ஒட்ட வெட்டிவிட்டாள்.
மருத்துவமனைக்குப் போகிறவள்
கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பையில் போடுகிறாள்,
விரலிடுக்கெல்லாம் தேய்த்து
முகக்கவசத்துக்குள் எண்ணுகிறாள்.
ஒரு கதவு மூடினால்தான் மறுகதவு திறக்கும்.
அந்த அறையின் காற்று எப்போதும்
உள்ளிருந்து வெளியேதான் தள்ளும்.
என்னையும் தள்ளியது.

குகையிலிருந்துதானே வருகிறாய், என்றான் ஒருநாள்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
வாயெல்லாம் புண், சுவை இல்லை, மணம் இல்லை,
எப்படித் தெரிந்தது?
இன்று வியாழன், என்றான்.

பதினோராம் இரவு காய்ச்சல். முப்பத்தெட்டு புள்ளி நான்கு.
யாரும் விடியட்டும் என்று சொல்லவில்லை.
ரத்தம் எடுத்தார்கள், அந்த மணிக்குள்ளேயே மருந்து ஏறியது.
நான் நடைவழி நாற்காலியில்
என் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் முடிவு வந்தது:
குடலில் இருந்த பழைய வாடகைக்காரன்.
உன் பெயர் இல்லை.
இருந்தாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பதினேழாம் நாள் பலகையில் ஒரு எண் வந்தது.
சைதா அதை இரண்டு முறை எழுதினாள்,
முதல் முறை கை கோணிவிட்டதாம்.

இப்போது அவனுக்குத் தங்கையின் ரத்த வகை.
சின்ன வயதில் போட்ட ஊசியெல்லாம் அவன் ரத்தத்துக்கு மறந்துவிட்டது.
சுகாதார நிலையத்தில் புது அட்டை கொடுத்தார்கள்,
முயல் படம் போட்டது.
நாற்பத்தொன்பது வயசு ஆள்,
கூட்டமில்லாத முதல் வேளையில்
குழந்தைகளுக்கான நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
தட்டம்மைக்கு இன்னும் ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாலை வரைக்கும் வருகிறான்.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து,
வண்டிக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே இருக்கிறான்.
நான் வாசலில் நின்று மூன்று விரல் காட்டுகிறேன்: மூன்றாம் தட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவன் பத்து விரலையும் விரிக்கிறான்.

கதவை இழுத்துச் சாத்துகிறேன். பூட்டை இழுத்துப் பார்க்கிறேன்.
கொட்டகைக்குப் போகிறேன், இன்னொருத்தியாக மாற.
நீ இரு.
உன்னை விட்டால் எங்களுக்கும் பிழைப்பில்லை.
ஆனால்
அங்கேயே பூ.