ஊக்கு

ஆசாரிப்பள்ளத்தில் எங்கள் அறைக்கு ஜன்னல் உண்டு,
திறக்க மாட்டோம்.
வெளியே சாரலா வெயிலா என்பதை
உள்ளே வரும் ஷைலட்டின் சேலைக்கரை பார்த்துத்தான்
தெரிந்துகொள்வேன்.

எனக்கு யார் முகமும் தெரியாது.
இரத்தம் தெரியும், சளி தெரியும்.
மூடி சரியாகத் திருகாத டப்பாவைக்
கொண்டுவந்தவரின் அவசரம் தெரியும்.

திங்கட்கிழமை வந்த குப்பி:
ரசலையன், ஐம்பத்திரண்டு,
பால்வெட்டு, பேச்சிப்பாறை,
பதினோரு நாள் காய்ச்சல்.
டிபி மாத்திரை தொடங்கலாமா என்று
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி.

புதன்கிழமை தட்டில்
ஈர்க்குமுனை தொட்ட அளவில் நாலைந்து புள்ளி.
தோலிலிருந்து ஒட்டி வந்த அழுக்கு
என்று எழுதப் பேனா எடுத்தேன்,
எழுதாமல்
முப்பத்தேழு டிகிரிக்குள் திரும்ப வைத்தேன்.
ஏன் என்றால் சொல்லத் தெரியாது.
புட்டு வெந்ததை ஆவி சொல்லிவிடும்,
இதற்கு இன்னும் இரண்டு இரவு வேண்டும்.

இன்று மூடியைத் தூக்கினால்
சுருங்கிச் சுருங்கி, காய்ந்த பூப் போல.
கூடவே அந்த மணம்,
முதல் மழை விழுந்த மண்.
ஊரே நின்று மூச்சை இழுக்கும் மணத்துக்கு
நான் மூச்சைப் பிடித்துப் பின்னால் நகர்ந்தேன்.
மூடு ஷைலட், முகராதே.

லென்சுக்குக் கீழே
இரு முனை சிவந்து நடு வெளுத்து
ஊக்கு ஊக்காய்,
யார் வளையலிலிருந்தோ கழன்று சிதறின மாதிரி.

வார்டில் கட்டில் காலி.
நேற்றே கையெழுத்துப் போட்டுப் போயாச்சு டாக்டர்,
மழை விட்டிருக்கு, ரெண்டு நாள் வெட்டு கிடைக்கும்ணு
சொன்னாரு.

படிவத்திலிருந்த எண்
ஒரு சாயக்கடைக்காரருடையது.
ரசலையனா? வெளுக்கதுக்கு முன்னேயே தோட்டத்துக்குப் போயாச்சே,
ஆரு பேசுதது?
சொன்னேன். என்ன சீக்கு என்றார்.
மெலியாய்டோசிஸ்.
ஆமா, ரொம்ப மெலிஞ்சுதான் போனான், என்றார்.

சிரிப்பு வந்தது, உடனே வெட்கமும்.
மண்ணில் இருக்கும் கிருமி, காலில் புண் உண்டா,
இன்றைக்கே திரும்பி வரணும்,
மருந்து உண்டு, ஊசி,
டிபி மாத்திரைக்குக் கேட்காது
என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தப் பக்கம் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது.
கூட்டிட்டு வாறேன், வச்சிராதிய.

வைக்கவில்லை.
ஷைலட் அடுத்த தட்டை நீட்டுகிறாள்,
கண்ணால் கொஞ்சம் பொறு என்கிறேன்.
போனுக்குள் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது.
இங்கே ஜன்னல்
காய்ந்து கிடக்கிறது.