கிட்டிய மாடி

பத்துப் பெயருள்ள பட்டியலில்
பதினோராவதைக் கேட்டால்
எங்கள் நிரல்மொழி
பத்தாவதைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும்.
பிழை என்று கத்தாது. முகம் சுளிக்காது.

பண்டான் என்று அதற்குப் பெயர்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
ஊபியில், கார் கழுவும் கடைக்கு மேலே
அந்த விதியை எழுதியவள் நான்.
அன்று எல்லாரும் அதைக் கனிவு என்றார்கள்.

நேற்று ஹாவ் மிங் அதைப் பொய் என்றான்.

"இறால் மீ தீர்ந்துபோச்சு என்று சொல்லாமல்
மீனுருண்டை மீயை நீட்டுகிறவனை
நல்லவன் என்பாயா?"
குளிரூட்டி வேறு சொட்டிக்கொண்டிருந்தது.
அதற்கடியில் வாளியை நகர்த்தியபடியே ருஸ்னானி,
"பசித்தவன் சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே" என்றாள்.
"மீன் ஒத்துக்கொள்ளாதவன்?"
வாளியில் ஒரு சொட்டு.

இளம்பரிதி துவாஸிலிருந்து திரையில் வந்தான்.
முந்நூறு பாரந்தூக்கிகள் அவனிடம்.
கடைசிப் பெட்டிக்கு அடுத்த பெட்டி எது என்று
ராத்திரிதோறும் கேட்கின்றனவாம்.
அதே பெட்டிதான் என்று பதில் வாங்கிக்கொண்டு
சமர்த்தாக நிற்கின்றனவாம்.
"உங்களுக்கு அது பிழை.
எங்களுக்கு அதுதான் பிரேக்."

நான் வாயே திறக்கவில்லை.
பெற்றவள், விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று
இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுவிட்டது.

உண்மையில் அது என் விதியே இல்லை.
தோ பாயோவில் நாங்கள் இருந்த புளோக்கின்
மின்தூக்கியுடையது.
ஒன்று, ஐந்து, ஒன்பது.
மூன்றே பொத்தான்.
ஏழாம் மாடிக்காரர்கள் ஐந்தில் இறங்கி ஏறினோம்,
அரிசி மூட்டை இருந்தால்
ஒன்பதுக்குப் போய் இறங்கி வந்தோம்.
வீடில்லாத இடத்தில் இறக்கிவிடுவதற்குப் பெயர்
வந்து சேர்வது என்றே நினைத்திருந்தேன்.
கேட்ட மாடி இல்லையா, கிட்டிய மாடி.
பிறகு ஒருநாள் தூக்கக் கலக்கத்தில்
அதையே கணினிக்கும் சொல்லிவைத்தேன்.

எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றலாமா என்று
வாக்கெடுப்பு வந்தது.
ஒன்பதாம் மாடி மிஸ்டர் சியா வேண்டாம் என்று போட்டார்.
காசுக்காக இல்லையாம்.
"என் மாடிக்குச் சரியாகத்தானே வருகிறது."
பொய்யில்லை. அவர் மாடிக்குச் சரியாகத்தான் வந்தது.
அப்பாவின் முழங்கால் மட்டும்
யாரையும் கேட்காமல்
எப்போதோ தன் வாக்கைப் போட்டுவிட்டிருந்தது.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
இல்லாததைக் கேட்டால் இல்லை என்று சொல்லட்டும்.
கிட்டியதே போதும் என்பவர்
கிட்டியது என்று எழுதிக் கேட்கட்டும்.
இரண்டு பதிப்புவரை எச்சரிக்கை,
மூன்றாவதில் நிறுத்தம்.

"மூன்றாவதா? அதுவரை பொய் சொல்லுமா?" என்றான் ஹாவ் மிங்.
"நல்ல பிள்ளையை எதிர்த்துப் பேசப் பழக்குகிறாய்"
என்றாள் ருஸ்னானி.
"நாலாயிரம் இடத்தில் எழுத வேண்டும்.
யார் எழுதுவார்?" என்றான் இளம்பரிதி.

நான்கு பேர் சரி. மூன்று பேர் இல்லை.
யாரும் கைகுலுக்கவில்லை.
வாளியைக் கொட்டிவிட்டு வந்த ருஸ்னானி
எனக்கு மட்டும் காப்பி வாங்காமல் வந்தாள்.

ராத்திரி பதினொன்றரை.
துவாஸ் நிரலின் முதல் கோப்பைத் திறந்தேன்.
நான் தேடிய வரிக்கு மேலே
யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்,
தீபாவளிக்கு முதல் நாள் தேதியிட்டு:
இது ஏன் நிற்கிறது என்று தெரியாது.
நிற்கிறது. தொடாதீர்கள்.

கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தேன்.
பிறகு கிட்டியது என்று தட்டினேன்.
குறிப்பை அழிக்கவில்லை.

இன்னும் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.