அலகு நுனியில் ஒரு பொட்டு

முதல் படத்தை ஹெதின்
எடைத் தராசுக்கு மேலே தூக்கிப் பிடித்தான்,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.
"இது பறவை இல்லை, ரன்வா,
தலையணை."

மீன் ஆலையில் காப்பிக்குப் பதினைந்து நிமிடம்.
அதில் ஏழு என் படங்களுக்குப் போகும்.
மர்யூன் எல்லாவற்றையும் அழகு என்பாள்,
காட் மீனின் குடலைக்கூட அப்படிச் சொன்னவள்.
போலந்துக்காரி போகுஷா வாயே திறக்கமாட்டாள்;
படத்தைக் கவிழ்த்து வைத்தால்
பிடிக்கவில்லை என்று அர்த்தம்.
ஹெதின் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.
பூசி மெழுகத் தெரியாது அவனுக்கு.
அவனிடம்தான் கடைசியாகக் கொடுப்பேன்.

தலையணைதான். சரி.
வெள்ளை வெந்துபோயிருந்தது,
இறகுக்கும் இறகுக்கும் நடுவே கோடே இல்லை.
மேகம் மூடிய நாளாகப் பார்த்து
ஒளியைக் குறைத்து எடுத்தேன்.
"அலகு கூர், கண் மங்கல்.
நீ எதைப் பார்த்தாய்?"
அடுத்த வாரம்:
"நின்றுகொண்டு எடுத்திருக்கிறாய்,
வரி வசூலிக்க வந்தவள் மாதிரி."

ஆகவே படுத்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில்,
ஆட்டுப் புழுக்கைமேல் வயிறு அழுந்த,
வாகுர் ஊருக்கு மேற்கே, பாறை விளிம்பில்.

எங்கள் ஃபாரோ மொழியில் அதன் பெயர் கடற்குதிரை.
குதிரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
கொழுத்த புறாபோல் உட்கார்ந்திருக்கும்,
அலகின்மேல் துப்பாக்கிக் குழலாய் மூக்கு,
கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் கரி,
யாரோ கட்டைவிரலால் இழுவியதுபோல.
முழங்கை முழங்கையாய் நகர்ந்தேன்.
நாலு மீட்டர். மூன்று.
சட்டம் முழுக்க அதன் முகம்.
மூச்சை அடக்கி, கண்ணில் குவியம் வைத்து

துப்பியது.

வயிற்றிலிருந்து எண்ணெய், ஆரஞ்சு நிறம்,
லென்சில் பாதி, புருவத்தில் மீதி.
முப்பது வருடம் மீன் அறுக்கும் மேசையில் நின்றவள் சொல்கிறேன்,
அந்த நாற்றம் வேறு.
"ஜாக்கெட் வீட்டுக்குள் வரக்கூடாது" என்றார் கணவர்,
வாசலை அடைத்து நின்றுகொண்டு.
அதுவரை கேட்ட அபிப்பிராயங்களிலேயே
தெளிவானது அந்தப் பறவையுடையதுதான்.

ஏழு மீட்டர் பின்வாங்கினேன்.
நீள லென்சை மைத்துனரிடம் இரவல் வாங்கினேன்.
அது தலையை இறக்கைக்குள் செருகியது, காத்திருந்தேன்.
எடுத்தது, மறுபடி செருகியது.
மூன்று சனிக்கிழமைகள், ஒரு மழை,
மரத்துப்போன இடது தொடை.

கிடைத்தது.
கண்ணில் வானத்தின் துணுக்கு வெள்ளை,
கரி அதன் இடத்தில்,
பின்னால் கடல் வெறும் சாம்பல்.
அலகு நுனியில் மட்டும் ஏதோ ஒரு நீர்ப்பொட்டு.
கணினியில் அதைத் துடைத்தேன்,
பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல.

போகுஷா நிமிர்த்தியே வைத்தாள்.
ஹெதின் ரொம்ப நேரம் பார்த்தான்.
"சொட்டு எங்கே?"
"எந்தச் சொட்டு?"
"அது குடிப்பது உப்புத் தண்ணி.
அந்த உப்பை மூக்கு வழியாய் வடிக்கும்,
நாள் முழுக்க, சொட்டுச் சொட்டாக.
படகிலிருந்து குஞ்சுகளை வலையில் அள்ளும்போது
என் மணிக்கட்டில் விழும்.
சொட்டு இல்லாவிட்டால் இது வாத்து."

சங்கு ஊதியது. கத்தியை எடுத்தேன்.

அன்றிரவு தொடாத படத்தைத் திறந்தேன்.
பொட்டு அங்கேயே இருந்தது, விழாமல்.
பெரிதாக்கினேன்.
உள்ளே கடல் மேலே, வானம் கீழே.
இன்னும் பெரிதாக்கினேன்,
கட்டம் கட்டமாய் உடையும்வரை.

இப்போது அந்தப் படம் காப்பி இயந்திரத்துக்கு மேல்.
ஒட்டியது யாரென்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.
செப்டம்பரில் ஹெதின் வழக்கம்போல் பானை கொண்டுவந்தான்,
குஞ்சுக்கறி, உருளைக்கிழங்கு.
மர்யூன் அழகு என்றாள்.
நான் முதலில் கிழங்கு மட்டும் எடுத்தேன்.
பிறகு ஒரு துண்டு.
பிறகு இன்னொன்று.

"உப்பு தூக்கல்" என்றேன்.
அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான்,
நான் படத்துக்குள் பார்ப்பதுபோல.

ஜாக்கெட் ஜூன் மாதத்திலிருந்து
கொடியிலேயே ஆடுகிறது.
யாரும் திருடவில்லை.