ஐந்நூறில் பாதி

ஒன்றரை தினார் சொன்னான்.
ஒன்று கொடுத்தேன்.
"மாஃபி காரண்டி" என்றவன்
அடுத்த ஆளுக்கு மிக்சி ஜாடி காட்டப் போய்விட்டான்.
அல்ராய் வெள்ளிச் சந்தையில்
சக்கரம் போன குழந்தை வண்டிக்கும்
ஒற்றைக் கால் ஷூக்களின் மூட்டைக்கும் நடுவே கிடந்தது
ஜெனித். ரஷ்யாக்காரன் செய்தது.
ஒரு கிலோ உளுந்தின் கனம்.

ஃபர்வானியா அறையில்
கட்டிலில் துண்டு விரித்து
சுருட்டும் குமிழைத் திருப்பினேன்.
இழுத்துப் பிடித்தது,
தூண்டிலில் ஏதோ மாட்டியது போல.
உள்ளே பிலிம்.

யாருடைய கல்யாணமோ என்றான் ஷிபு.
பெரிய வீட்டுப் படமென்றால் காசு என்றான் மொக்லெசுர்.
தேக் பகதூர் நைட் ஷிப்ட் முடித்து வந்து
போர்வைக்குள் இருந்தான்.

இரவு இரண்டு மணி.
குளியலறைக் கதவடியில் ஈரத் துணி,
எக்சாஸ்ட் ஓட்டையில் அலுமினியத் தாள்.
வாளியில் இன்ஸ்டன்ட் காபி, சலவைச் சோடா,
பொடித்த வைட்டமின் சி.
வாடையைப் பற்றி எழுதப் போவதில்லை.
கண் தெரியாத இருட்டில்
ஒன்றரை மீட்டர் பிலிமை
ஒரு கை ஏற மறு கை இறங்க
முக்கி முக்கி எடுத்தேன்.
பகலில் நான் எண்ணெய் போடும் லிஃப்டும்
அதன் எதிர்ப்பளுவும் இப்படித்தான்,
ஒன்றை ஒன்று பார்க்காமல்.
பதினைந்து நிமிடம்.
பன்னிரண்டாவதில் ஷிபு தட்டினான்.
"அண்ணா, வயிறு."
"மூணு நிமிஷம்."
"அது வயிற்றுக்கு அறியுமோ?"

கல்யாணம் இல்லை.
போனில் கருப்பை வெளுப்பாக்கிப் பார்த்தால்
ஒரு பால்கனி, ஏசி பெட்டி,
நீட்டிப் பிடித்த ஓர் இடது கை.
கையில் அட்டை. அட்டையில் அரபி எண்ணில் முப்பது.
அடுத்ததில் அறுபது.
அதே பால்கனி, கட்டைவிரல் நகம் கறுத்த அதே கை.
நூற்றிருபத்தைந்து. இருநூற்றைம்பது.
ஐந்நூறில் பாதிப் படம் இருட்டு.
மறுபடி முப்பதிலிருந்து.
ஐந்நூறில் இருட்டு கொஞ்சம் விலகியிருக்கிறது.
மறுபடி.
மூன்றாவது ஐந்நூறுக்குப் பின்
பிலிம் மொட்டை.

ஷிபு "கல்லி வல்லி" என்று தூங்கப் போனான்.
எனக்குத் தூக்கம் போனது.

அடித்தட்டில் நான்கு திருகு.
மூன்று அதனுடையவை.
நான்காவது மூக்குக் கண்ணாடியில் இருந்து வந்தது.
உள்ளே, திரையை இழுக்கும் திருகின் ஓரம்
பென்சிலில் மூன்று கோடுகள்,
கால் சுற்றுக்கு ஒன்றாக.
நான்காவதை நான் போட்டேன்.
காலியான வாயு மாத்திரை அட்டையின் குழிகளில்
திருகுகளை வரிசையாக வைத்தேன்.
மணல், எத்தனை புயலுடையதோ, ஊதினால் போகவில்லை;
ஊசியால் ஒவ்வொன்றாய்.
வெளிச்சம் நுழையாமல் ஒட்டியிருந்த பஞ்சு
தாராக உருகிக் கிடந்தது.
சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் பதித்தேன்.
நூல் எங்கே கிடைத்தது என்று
அன்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளி மதியம் மொட்டை மாடி.
புது பிலிம். புது அட்டைகள்.
எனக்குக் கை போதாது, ஆட்கள் வேண்டும்.
முப்பதை ஷிபு பிடித்தான், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு.
அறுபதுக்கு மொக்லெசுர் சட்டை மாற்றி,
தலை சீவி,
மனைவியை வீடியோவில் கூப்பிட்டு
அவளையும் அட்டையோடு சேர்த்துப் பிடித்தான்.
வாட்ச்மேன் நூற்றிருபத்தைந்து.
தண்ணீர் கேன் போட வந்த பையன்
என்ன ஏதென்று தெரியாமலே இருநூற்றைம்பது.
ஐந்நூறு தேக் பகதூருக்கு.
அதிகமான எண் என்பதால்
நிமிர்ந்து நின்றான்.

மறுபடி காபி. மறுபடி ஷிபுவின் வயிறு.
நான்கு பேர் தெளிவு.
ஐந்நூறில் ஒரு காதும்
ஒரு தோளும் இருட்டுக்குள்.

தேக் பகதூர் போனை வாங்கி
நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தான்.
"இந்தக் காது?"
"அடுத்த வெள்ளி" என்றேன்,
பென்சிலைத் தேடியபடி.
சரி என்று எழுந்தவன்
கொடியில் இருந்த தன் குரங்குக் குல்லாயை எடுத்து
விளிம்பைத் தடவினான்.
விளிம்பு இல்லை.